மீன்தொட்டி: வாங்கும் முன் மாதச் செலவைப் பாருங்கள்!

கண்ணாடித் தொட்டி வாங்குவது ஒருமுறைச் செலவு. அதை ஓட்டும் செலவோ மாதாமாதம் வரும். இதைக் கணக்குப் பார்க்காமல் வாங்கிய தொட்டிகள்தான் சீக்கிரமே பரணுக்குப் போகின்றன.

4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி சுமார் 250 லிட்டர் பிடிக்கும். 25 வாட் ஃபில்டரும் 5 வாட் காற்று மோட்டாரும் 24 மணி நேரமும், 20 வாட் விளக்கு 8 மணி நேரமும் ஓடினால், 2 மாதத்துக்குச் சுமார் 53 யூனிட். தமிழகத்தில் வீடுகளுக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவச மின்சாரத்தில் பாதிக்கு மேல் இதற்கே போய்விடும். மலைப்பகுதியில் 200 வாட் ஹீட்டர் தினமும் 10 மணி நேரம் ஓடினால், கூடுதலாக 120 யூனிட்.

மிச்சம் பிடிக்க நினைத்து இரவில் ஃபில்டரை நிறுத்தக் கூடாது. கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மடிந்து, அம்மோனியா ஏறி மீன்கள் செத்துவிடும். தீவனத்தில் சிக்கனம் பிடிக்கலாம். 3 நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். சமவெளியில் கப்பி, மோலி வளர்த்தால் ஹீட்டரே வேண்டாம்.

வாரம் கால்பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். வெளியேற்றும் 60 லிட்டரில் தழைச்சத்து இருப்பதால் கீரைப் பாத்திக்குப் பாய்ச்சலாம். உப்போ மருந்தோ கலந்திருந்தால் மட்டும் செடிக்கு ஊற்றாதீர்கள்.