நாலு பக்கமும் அளந்தாச்சு... குறுக்கே அளந்தீங்களா?

மனை வாங்குபவர்கள் வில்லங்கம் பார்க்கிறார்கள், தாய்ப் பத்திரம் பார்க்கிறார்கள், வாஸ்துகூடப் பார்க்கிறார்கள். அளவு விஷயத்தில் மட்டும் பலரும் சட்டென்று திருப்தியாகிவிடுகிறார்கள். டேப்பைப் பிடித்து நான்கு பக்கமும் அளந்து, பத்திரத்தில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போனால் போதும், ‘சரியாத்தான் இருக்கு’ என்று அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள்.

ஆனால், நான்கு பக்கங்களும் ஓர் அங்குலம்கூடப் பிசகாமல் இருந்தும், மனையின் பரப்பளவு குறைவாக இருக்க முடியும்!

தீப்பெட்டி சொல்லும் பாடம்

ஒரு தீப்பெட்டியை எடுத்து, குச்சிகள் இருக்கும் உள்பெட்டியை வெளியே தள்ளிவிடுங்கள். மிஞ்சும் மேலுறையின் வாய் செவ்வகமாக இருக்கும். அதை ஒரு மூலையில் விரலால் மெதுவாக அழுத்துங்கள். வாய் சாயும், ஒடுங்கும், கடைசியில் தட்டையாகிவிடும். நான்கு பக்கங்களின் நீளம் கொஞ்சமும் மாறவில்லை. உள்ளே இருந்த இடம் மட்டும் காணாமல் போய்விட்டது.

மனையும் அப்படித்தான். நான்கு பக்க நீளம் தெரிந்தால் வேலி போட எவ்வளவு கம்பி வேண்டும் என்று சொல்லலாம். உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

ஒரு கிரவுண்டில் எவ்வளவு போகும்?

‘கிழமேலாக வடபுறம் 40 அடி, தென்புறம் 40 அடி, தென்வடலாக கீழ்புறம் 60 அடி, மேல்புறம் 60 அடி, ஆக 2,400 சதுரடி’ என்று பத்திரம் சொல்கிறது என வைத்துக்கொள்வோம். சரியாக ஒரு கிரவுண்டு. நான்கு மூலைகளும் செங்கோணமாக இருந்தால் இந்தக் கணக்கு சரி.

மனை கொஞ்சம் சாய்ந்திருந்தால்? ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே அளக்கும்போது 80 அடி வருகிறது என்றால், அந்த மனையின் உண்மையான பரப்பளவு சுமார் 2,324 சதுரடிதான். 76 சதுரடி குறைகிறது. எட்டுக்கு ஒன்பதரை அடியில் ஓர் அறையே கட்டலாம். சதுரடி 3,000 ரூபாய் என்றால், இல்லாத நிலத்துக்குக் கொடுக்கும் பணம் 2,28,000 ரூபாய்!

விற்பவர் பக்கம் சாயும் கணக்கு

பக்கங்கள் சமமாக இல்லாத மனைகளுக்கு ஒரு சுருக்குவழி உண்டு. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, கிடைக்கும் இரண்டு எண்களையும் பெருக்குவார்கள். இது மிகப் பழைய முறை. எகிப்தில் எட்ஃபு என்ற ஊரிலுள்ள கோயில் சுவர்களில், கோயில் நிலங்களின் பரப்பை இப்படிக் கணக்கிட்டு வெட்டிவைத்திருக்கிறார்கள். கி.பி. 628-ல் பிரம்மகுப்தர் தன் ‘பிரம்மஸ்புட சித்தாந்தம்’ நூலில், இந்த முறையில் வருவது தோராயமான பரப்புதான் என்று பிரித்தே சொல்லிவிட்டார்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்தக் கணக்கு எல்லா மூலைகளும் செங்கோணம் என்று எடுத்துக்கொள்கிறது. பக்கங்கள் செங்கோணத்தில் சேரும்போதுதான் உள்ளே இடம் அதிகம். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இடம் குறையும். எனவே செவ்வகத்தைத் தவிர மற்ற எல்லா மனைக்கும் இந்த முறை கூடுதலாகத்தான் காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. விற்பவர் ஏமாற்ற நினைக்க வேண்டியதே இல்லை. கணக்கே அவர் பக்கம் சாய்ந்திருக்கிறது.

ஐந்தாவது அளவு

தீர்வு எளிது. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே ஒருமுறை அளந்துவிடுங்கள். மனை இரண்டு முக்கோணங்களாகப் பிரிந்துவிடும். முக்கோணத்தின் மூன்று பக்கங்கள் தெரிந்தால் பரப்பளவு தெரிந்துவிடும். அழுத்தினாலும் வடிவம் மாறாதது முக்கோணம் மட்டும்தான்.

இதற்கான வழி ஒன்பதாம் வகுப்பில் படித்த ஹெரான் சூத்திரம். அலெக்சாண்ட்ரியாவில் வாழ்ந்த ஹெரான் எழுதிவைத்தது. செல்போன் கால்குலேட்டரே போதும்.

1. மூன்று பக்கங்களையும் கூட்டிப் பாதியாக்குங்கள். 40 + 60 + 80 = 180; பாதி 90.

2. அந்தப் பாதியிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகக் கழியுங்கள். 50, 30, 10 வரும்.

3. நான்கையும் பெருக்குங்கள். 90 × 50 × 30 × 10 = 13,50,000.

4. வர்க்கமூலம் (√) எடுங்கள். சுமார் 1,162 சதுரடி.

அடுத்த முக்கோணத்துக்கும் இப்படியே செய்து, இரண்டையும் கூட்டினால் மொத்தப் பரப்பு. மனைக்கு ஐந்து, ஆறு பக்கங்கள் இருந்தாலும் முக்கோணங்களாகப் பிரித்துக்கொள்ளலாம்.

கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு சோதனை: எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்து, குறுக்களவுகள் இரண்டும் சமமாக இருந்தால் அது அசல் செவ்வகம். 40-க்கு 60 மனையில் இரண்டுமே 72 அடி 1 அங்குலம் அளவில் வர வேண்டும். சாய்ந்த மனையில் ஒன்று 80 அடி, மற்றொன்று 63 அடி 3 அங்குலம் என்று காட்டிக்கொடுத்துவிடும். கொத்தனார்கள் கயிறு கட்டும்போது ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

அட்வான்ஸுக்கு முன்பே...

சாலை வளைவில் உள்ள மனை, மூலை மனை, வாய்க்கால் ஓரத்து நிலம் போன்றவற்றில் கூடுதல் கவனம் தேவை. தமிழக அரசின் இணைய சேவைத் தளத்தில் பட்டாவோடு புலப்படத்தையும் பார்க்கலாம். அதிலுள்ள அளவுகள் மீட்டரில் இருக்கும். ஒரு மீட்டர் என்பது 3.28 அடி. பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஓர் ஏர் ஏறக்குறைய 2.47 சென்ட், ஒரு சென்ட் 435.6 சதுரடி.

நீங்கள் அளந்ததற்கும் பத்திரத்தில் உள்ளதற்கும் பெரிய வித்தியாசம் தெரிந்தால், சர்வேயரை வைத்து அளந்த பிறகு விலை பேசுங்கள். பத்திரம் பதிவான பிறகு பேசிப் பயனில்லை. குறுக்கே ஒருமுறை டேப் பிடிக்க ஐந்து நிமிடம் போதும்.