ஓஆர்எஸ்: உப்புத் தண்ணீர் மட்டும் போதாதா... சர்க்கரை எதுக்கு?

வயிற்றுப்போக்கு என்று போனால் டாக்டர் முதலில் சொல்வது, "ஓஆர்எஸ் கரைச்சுக் கொடுங்க" என்பதுதான். உடம்பிலிருந்து வெளியேறுவது தண்ணீரும் உப்பும். அப்படின்னா, அதில் சர்க்கரை எதுக்கு? ருசிக்காகவா? இல்லை. பதில், நம் குடல் செல்களின் சவ்வில் இருக்கிறது.

யாருக்கு அனுமதி?

ஒவ்வொரு செல்லையும் சுற்றி இரண்டு அடுக்குக் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆன மெல்லிய சவ்வு உண்டு. ஆக்சிஜன் இதைச் சுலபமாக ஊடுருவிவிடும். மின்னூட்டம் கொண்ட சோடியத்தாலும், குளுக்கோஸாலும் அது முடியாது. அவை நுழைய, சவ்வில் புரதங்களாலான தனி வாசல்கள் உள்ளன.

தண்ணீரின் கதை வேறு. உப்பு, சர்க்கரைச் செறிவு எந்தப் பக்கம் அதிகமோ, அந்தப் பக்கம் போய்விடும். இதுதான் பள்ளியில் படித்த சவ்வூடு பரவல். ஆக, தண்ணீரை உடம்புக்குள் கொண்டுவர, முதலில் உப்பு உள்ளே வர வேண்டும்.

ஜோடியா வந்தாதான் கதவு திறக்கும்

சிறுகுடல் செல்களில் 'எஸ்ஜிஎல்டி1' என்றொரு வாசல் புரதம் இருக்கிறது. 2 சோடியம் அயனிகளும் 1 குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் உள்ளே விடும். சோடியமும் குளுக்கோஸும் இப்படி ஜோடியாகக் கடக்கின்றன என்று 1960-ல் முன்வைத்தவர், உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன்.

காலரா நச்சு, குடல் செல்களிலிருந்து குளோரைடையும் தண்ணீரையும் கொட்ட வைக்கும். உப்பை உறிஞ்சும் வழக்கமான வழியையும் முடக்கும். ஆனால், இந்த ஜோடி வாசல் மட்டும் வேலை செய்துகொண்டே இருக்கும். ஓஆர்எஸ் நுழைவது அதன் வழியாகத்தான்!

1971-ல் நடந்தது

வங்கதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்கான் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் கலந்த கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். குடும்பத்தினரே நோயாளிகளுக்குப் புகட்டினார்கள். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு, 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. 2023-ல், மறைவுக்குப் பின் அவருக்கு பத்மவிபூஷண் அறிவிக்கப்பட்டது.

சர்க்கரை கூடினால்?

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சர்க்கரை அதிகமானால், உறிஞ்சப்படாத மிச்சம் குடலிலேயே தங்கி, உடம்பிலிருக்கும் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். வயிற்றுப்போக்கு கூடும். கூல்டிரிங்ஸும் பாக்கெட் ஜூஸும் ஓஆர்எஸ்ஸுக்கு மாற்று அல்ல என்பது இதனால்தான்.

கவனிக்க வேண்டியவை

* உலக சுகாதார நிறுவனத்தின் அளவு: 1 லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம். இவற்றோடு பொட்டாசியம் குளோரைடு, சிட்ரேட். வாங்கும்போது பாக்கெட்டில் சரிபாருங்கள்.
* பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் மொத்தத்தையும் கரையுங்கள். பாதி பாதியாகக் கரைக்க வேண்டாம்.
* கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.
* குழந்தை குடிக்க முடியாமல் துவண்டுபோனாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.