தொட்டிலாட்டக் கூலி யார் தருவது?

எதிரணி நண்பர், “சட்டம்தான் இருக்கே” என்றார். இருக்கு. 50 பேர் வேலை செய்யுற இடத்துல குழந்தைகள் காப்பகம் வேணும்னு 2017-இல் திருத்தமே வந்தது. ஆனா, வீட்டு வேலைக்குப் போற தாய்க்கு? அந்த வீட்டுல வேலைக்காரர் அவங்க ஒருத்தர்தானய்யா!

வாங்குற சம்பளத்துல பாதியைப் பிள்ளையைப் பார்த்துக்கிறவங்களுக்குக் கொடுத்துட்டா, அரிசிக்கு எங்கே போவாங்க? அதனால மூத்த பொண்ணு பள்ளிக்கூடத்தை விட்டு நின்னு, தம்பியை இடுப்புல தூக்குது.

2022-இல் வந்த ‘பால்னா’ திட்டம், அங்கன்வாடியோடு சேர்த்து முழுநாள் காப்பகம் என்கிறது. 6 மாதம் முதல் 6 வயது வரை. பால்னா என்றால் தொட்டில். அந்தத் தொட்டில் கம்பெனியில ஆள் எண்ணிப் பார்த்து வரக்கூடாது, தெருவுக்கே வரணும். வந்தா, தூங்குறது ஒரு பிள்ளை. படிக்கிறது இன்னொரு பிள்ளை!