தெரியாது என்று சொல்லத் தெரிந்த கணக்கு

கடும் லுகேமியா என்று சந்தேகம் வந்துவிட்டால் மருத்துவர்கள் முதலில் விடை காண வேண்டிய கேள்வி: இது ஏ.எல்.எல். வகையா, ஏ.எம்.எல். வகையா? இரண்டிலும் எலும்பு மஜ்ஜையில் முதிராத வெள்ளை அணுக்கள் பெருகிக் குவிகின்றன. லிம்போசைட்டாக வளர வேண்டிய அணு தடம் புரண்டால் முதலாவது வகை. மையலாய்டு வழியில் வர வேண்டிய அணு கெட்டுப்போனால் இரண்டாவது. மருந்துகள் வேறு வேறு. ஏ.எல்.எல்.லுக்கு ஸ்டீராய்டு, வின்கிரிஸ்டின், மெத்தோட்ரெக்சேட், ஆஸ்பராஜினேஸ், ஏ.எம்.எல்.லுக்கு டானோரூபிசின், சைட்டரபின். மாற்றிக் கொடுத்தாலும் நோய் ஓரளவு அடங்கக்கூடும். ஆனால் முழுதாகக் குணமாகும் வாய்ப்பு வெகுவாகக் குறையும், பட வேண்டாத பக்கவிளைவுகளும் வந்து சேரும்.

இதைப் பிரித்தறிய நுண்ணோக்கி, சாயங்கள், ஆன்டிபாடிகள், குரோமோசோம் பரிசோதனை எனப் பல கருவிகள் உண்டு. எந்த ஒன்றும் தனியாகப் போதாது. எல்லா முடிவுகளையும் சேர்த்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல அனுபவப்பட்ட நிபுணர் வேண்டும்.

அந்த நிபுணரின் முன்னறிவு இல்லாமலே, மரபணுக்களின் நடமாட்டத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியுமா? 1999 அக்டோபரில் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஒரு கட்டுரை முடியும் என்று காட்டியது. குழந்தைப் புற்றுநோய் மருத்துவர் டாட் கோலப், கணினி அறிவியலாளர் டோனா ஸ்லோனிம், மரபியலாளர் எரிக் லேண்டர் உள்ளிட்ட குழுவின் வேலை அது. அமெரிக்காவின் வைட்ஹெட் நிறுவனமும் டானா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனமும் அதில் முக்கியப் பங்கு வகித்தன.

அவர்கள் பயன்படுத்தியது டி.என்.ஏ. சில்லு. விரல்நகம் அளவுள்ள கண்ணாடிப் பரப்பில், ஒவ்வொரு மரபணுவுக்கும் உரிய டி.என்.ஏ. துணுக்குகள் குறித்த இடங்களில் பதிக்கப்பட்டிருக்கும். நோயாளியின் மஜ்ஜையிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, அதன் நகலுக்கு ஒளிரும் அடையாளம் ஏற்றிச் சில்லின்மேல் ஓடவிட்டால், ஒவ்வொன்றும் தன் ஜோடியோடு ஒட்டிக்கொள்ளும். ஓர் இடம் பளிச்சென்று ஒளிர்ந்தால் அந்த மரபணு மும்முரமாக வேலை செய்கிறது என்று பொருள். இப்படி 38 பேரின் மாதிரிகளில் 6,817 மரபணுக்களை அளந்தார்கள்.

சிக்கலே இந்த இரண்டு எண்களில்தான் இருக்கிறது. ஆட்கள் சொற்பம், அளவுகள் ஆயிரக்கணக்கில். இவ்வளவு மரபணுக்களில் சில, தற்செயலாகவே நோயாளிகளை அழகாக இரண்டாகப் பிரித்துவிடும். எனவே நோயின் பெயர்ச்சீட்டுகளை வேண்டுமென்றே கலைத்துப்போட்டு, வெறும் தற்செயலில் எத்தனை மரபணுக்கள் பொருந்துகின்றன என்று முதலில் பார்த்தார்கள். உண்மையான பெயர்ச்சீட்டுகளோடு பொருந்தியவை அதைவிட மிக அதிகம், சுமார் 1,100.

அவற்றிலிருந்து 50 மரபணுக்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இரு வகைகளின் சராசரிகளுக்கும் இடையே இடைவெளி பெரிதாகவும், ஒவ்வொரு வகைக்குள்ளும் சிதறல் சிறிதாகவும் இருக்கும் மரபணுவுக்கு மதிப்பு அதிகம். புதிய மாதிரி வந்தால் ஐம்பதும் வாக்களிக்கும். மதிப்புக்கேற்ப வாக்கின் எடை கூடும், குறையும். வெற்றி வித்தியாசம் குறிப்பிட்ட அளவை எட்டாவிட்டால் கணக்கு முடிவு சொல்லாது. ‘நிச்சயமில்லை’ என்று ஒதுங்கிக்கொள்ளும்.

புதிதாக 34 மாதிரிகளைக் கொடுத்தபோது 29க்கு முடிவு சொன்னது, அத்தனையும் சரி. மீதி 5க்கு வாய் திறக்கவில்லை. ஓர் ஆய்வகம் மாதிரிகளை மிகவும் வேறுபட்ட முறையில் தயாரித்திருந்தது. அங்கிருந்து வந்தவற்றில் வாக்கு வித்தியாசமும் குறைவாக இருந்தது. கணினியில் ஏறும் எண்ணில் நோயோடு சேர்ந்து ஆய்வகத்தின் கைப்பழக்கமும் பதிந்துவிடும் என்பது உயிரித் தகவலியலின் பழைய தலைவலி.

இந்தத் தயக்கத்துக்கு ஒரு நோயாளியிடம் பலன் கிடைத்தது. அறிகுறிகள் லுகேமியாவைக் காட்டின. அணுக்களின் தோற்றம் சற்று வித்தியாசமாக இருந்தும் ஏ.எம்.எல். என்று முடிவாகியிருந்தது. மரபணு வாக்கெடுப்பில் எந்தப் பக்கமும் ஜெயிக்கவில்லை. காரணம் தேடியபோது தசைக்குரிய மரபணுக்கள் ஓங்கி நின்றன. குரோமோசோம் பரிசோதனையும் உறுதிசெய்தது: அது ராப்டோமையோசார்கோமா என்ற தசைப் புற்று, மஜ்ஜைக்குள் பரவியிருந்தது. சிகிச்சை மாற்றப்பட்டது.

எல்லாக் கேள்விக்கும் விடை கிடைத்துவிடவில்லை. சிகிச்சையில் யார் தேறுவார் என்று முன்கூட்டிச் சொல்ல 15 ஏ.எம்.எல். நோயாளிகளிடம் முயன்றபோது உறுதியான மரபணுத் தொகுப்பு எதுவும் அகப்படவில்லை.

பெயர்ச்சீட்டே கொடுக்காமல் 38 மாதிரிகளையும் கணினியிடம் விட்டுப் பார்த்ததும் உண்டு. அது தானாகவே பிரித்த இரு கூட்டங்களில் ஒன்றில் 25 பேரில் 24 பேர் ஏ.எல்.எல்.; மற்றதில் 13 பேரில் 10 பேர் ஏ.எம்.எல். மருத்துவம் பல பதிற்றாண்டுகளில் கண்ட பிரிவை எண்கள் ஏறக்குறையத் தாமாகவே எட்டின.

அப்படியானால் இன்னும் பெயரிடப்படாத பிரிவுகளையும் காட்டுமா? காட்டியது. 2009இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஏ.எல்.எல்.லில் ஒரு புதிய கூட்டத்தைக் கண்டன. பிலடெல்பியா குரோமோசோம் என்ற பிறழ்ந்த குரோமோசோம் இல்லாதவர்கள். ஆனால் மரபணு நடமாட்டம் அது உள்ளவர்களைப் போலவே. வழக்கமான சிகிச்சைக்கு இவர்கள் எளிதில் வசப்படுவதில்லை. இவர்களில் பலருக்கு கைனேஸ் நொதிகளைத் தூண்டிவிடும் மாற்றங்கள் இருப்பது பிறகு தெரிந்தது. அவற்றைத் தடுக்கும் மருந்துகள் இவர்களிடம் சோதிக்கப்பட்டு வருகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2016இல் இந்த வகையைத் தன் பட்டியலில் தற்காலிகமாகச் சேர்த்தது. நுண்ணோக்கிக்கு இவர்களும் மற்ற ஏ.எல்.எல். நோயாளிகளும் ஒன்றுதான், ஆயிரம் மரபணுக்களைச் சேர்த்துப் பார்க்கும் கணக்குக்கு மட்டுமே வேறு.