குடிநீரைத் தெளிவித்தலும் தூய்மை செய்தலும்

கிணற்றிலிருந்து முகந்த தண்ணீர் பளிங்கு போலத் தெளிந்திருக்குமாயின் அதனை நல்ல தண்ணீரென்றும், கலங்கியிருக்குமாயின் கெட்ட தண்ணீரென்றும் தீர்மானிப்பது நம் குடியானவர்களின் நெடுநாளைய வழக்கம். கலங்கிய நீரை விலக்குவது சரியே. ஆனால் தெளிந்த நீரனைத்தும் தீங்கற்றதென்று எண்ணுவது பெரும்பிழையாகும். வாந்திபேதி, சீதபேதி, டைபாயிட் சுரம், காமாலை முதலிய நோய்களை உண்டாக்கும் கிருமிகள் கண்ணுக்குப் புலப்படாதவை. அவை ஏராளமாகக் கலந்திருப்பினும் நீரின் நிறமாவது சுவையாவது மாறுவதில்லை.

1854-ஆம் ஆண்டில் லண்டன் நகரில் நிகழ்ந்ததொன்று இதற்குச் சான்றாகும். அந்நகரின் பிராட் தெருக் கிணற்று நீர் தெளிவுக்கும் சுவைக்கும் பெயர் பெற்றது. அத்தெருவை விட்டுத் தொலைவிலுள்ள ஹாம்ஸ்டெட்டில் குடியேறிய ஒரு விதவை, அதன் சுவையை மறக்கவியலாமல், நாள்தோறும் வண்டியில் அந்நீரைத் தருவித்துப் பருகி வந்தார். அவ்வாண்டு அத்தெருவில் வாந்திபேதி பரவியபோது, அந்நோயே இல்லாத ஹாம்ஸ்டெட்டில் அவரும் அதற்கு இரையானார். டாக்டர் ஜான் ஸ்நோ என்பவர் இவற்றையெல்லாம் விசாரித்து, நோய்க்குக் காரணம் அக்கிணறே என்று காட்டினார். கிணற்றின் அருகிலிருந்த மலக்குழியின் கசிவே அந்நீரைக் கெடுத்திருந்ததென்று பின்னர்த் தெரியவந்தது. 1884-இல் ராபர்ட் கோக் என்ற ஜெர்மானிய அறிஞர் கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்து, வாந்திபேதிக் கிருமியை நோயாளிகளிடத்தும் அங்குள்ள ஒரு குளத்து நீரிலும் கண்டறிந்தார்.

ஆகையால் தெளிவித்தல் வேறு, கிருமிகளை ஒழித்தல் வேறு. இரண்டும் வேண்டும், அவையும் இந்த வரிசையிலேயே நடைபெற வேண்டும்.

தெளிவித்தல்

மழைக்காலத்தில் ஆற்று நீரும் ஏரி நீரும் கலங்கியிருக்கும். தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்த்து நீரைத் தெளியவைப்பது நம் நாட்டின் பழைய முறை. கலித்தொகையிலும் இது உவமையாக வந்துள்ளது. முருங்கை விதைக்கும் இக்குணம் உண்டு. முற்றி உலர்ந்த விதையின் தோலை நீக்கிப் பருப்பை நன்றாக இடித்து, சிறிது நீரில் கரைத்து வடிகட்டி, ஒரு லிட்டருக்கு ஒரு விதை வீதம் சேர்க்க வேண்டும். முதலில் வேகமாகவும் பின்பு மெதுவாகவும் கலக்கி, இரண்டு மணி நேரம் அசையாமல் வைத்திருந்தால் வண்டல் அடியிற் படியும். படிகாரமும் இவ்வாறே உதவும். இவை வண்டலோடு கிருமிகளிற் பெரும்பகுதியையும் அடியிற் சேர்க்கின்றனவே யன்றி, முற்றிலும் அழிப்பதில்லை.

இவை கிடைக்காவிடில், பழைய பருத்திப் புடவையை நான்கு மடிப்பாக்கி அதன் வழியே வடிகட்டலாம். வங்காள தேசத்துக் கிராமங்களில் இம்முறையைக் கையாண்டு பார்த்ததில் வாந்திபேதி ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததென்று 2003-இல் வெளியான ஆராய்ச்சி கூறுகின்றது. துணியை ஒவ்வொரு முறையும் அலசி வெயிலில் உலர்த்துதல் அவசியம்.

கிருமிகளை ஒழித்தல்

தெளிந்த நீரைக் கொப்புளித்துக் கொதிக்கும் வரை காய்ச்சி, மேலும் ஒரு நிமிஷம் கொதிக்கவிட்டு, அதே பாத்திரத்தில் மூடி ஆறவைப்பதே மிகவும் நம்பத்தக்க முறை. விறகு அரிதான இடங்களில், நிறமற்ற பிளாஸ்டிக் புட்டிகளில் தெளிந்த நீரை நிரப்பி ஆறு மணி நேரம் நல்ல வெயிலிற் கிடத்தலாம். மேகமூட்டமாயின் இரண்டு நாட்கள் வேண்டும். குளோரின் மாத்திரைகளை உறையிற் குறித்த அளவுப்படி இட்டு, அரைமணி நேரம் கழித்துப் பருகலாம். கலங்கல் நீரினுள் வெயில் ஊடுருவுவதில்லை. குளோரினும் அழுக்கிலேயே செலவாகிவிடும். முதலில் தெளிவிக்க வேண்டுமென்றது இக்காரணம் பற்றியே.

கிணற்றுக்கு மருந்திடல்

பல குடும்பத்தார் பருகும் கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் ஏற்றது. 1,000 லிட்டர் நீருக்கு 2.5 கிராம் போதும். கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதனை அதனாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தாலும் பெருக்கி, வந்த தொகையை 785-ஆற் பெருக்கினால் நீரின் அளவு லிட்டரில் கிடைக்கும். உதாரணமாக, விட்டம் 2 மீட்டர், ஆழம் 3 மீட்டராயின், 9,420 லிட்டர். அதற்கு 24 கிராம் தூள் வேண்டும்.

தூளைச் சிறிது நீரிற் குழைத்து, வாளியில் முக்கால் பாகம் நீர் சேர்த்துக் கலக்கிப் பத்து நிமிஷம் தெளியவிடுக. தெளிந்த நீரை மட்டும் வேறொரு வாளியில் இறுத்துக் கிணற்றிலிறக்கி, மேலும் கீழுமாக இழுத்துக் கலக்க வேண்டும். அடியிற் தங்கும் சுண்ணாம்பைக் கிணற்றிலிட்டால் நீர் கடினமாகும். இரவில் இட்டுக் காலையில் முகப்பது உத்தமம். ஒரு மணி நேரத்திற்குள் முகக்கலாகாது. காற்றுப்பட்டுப் பழகிய தூள் வீரியமற்றது.

இம்முறைகளாற் தீராதவை

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் சில பகுதிகளில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து, பற்களிற் கறையையும் எலும்பு நோயையும் உண்டாக்குகின்றது. எருக்குழியின் கசிவும், அளவுக்கு மிஞ்சியிட்ட யூரியா முதலிய உரங்களும் கிணற்றில் நைட்ரேட்டைச் சேர்க்கின்றன. புட்டிப்பால் அருந்தும் கைக்குழந்தைகளுக்கு இது உயிராபத்து விளைவிக்கலாம். காய்ச்சினால் இவை நீங்கா. நீர் ஆவியாகக் குறைவதால் இவற்றின் செறிவு அதிகமேயாகும். இத்தகைய ஐயமுள்ள நீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி அறிந்து, தேவையாயின் வேறு கிணற்று நீரை நாடுவதே தக்கது.

காத்தல்

தூய்மை செய்த நீரும் கைபட்டால் மீண்டும் கெடும். குறுகிய வாயுள்ள பாத்திரத்தில் மூடிவைத்து, நீண்ட காம்புள்ள அகப்பையால் மட்டுமே எடுக்க வேண்டும். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவரும், சிமெண்டுத் தளமும், கழிவு நீர் செல்ல வாய்க்காலும் அமைக்க வேண்டும். கக்கூஸும் எருக்குழியும் மாட்டுக்கொட்டிலும் 15 மீட்டருக்கு அப்பாலிருத்தல் நலம். பூச்சி மருந்து வந்த டப்பாக்களை எவ்வளவு கழுவினும் குடிநீருக்கு உபயோகிக்கலாகாது.

விதைப்புக் காலத்தில் வீட்டிலொருவர் பேதியாற் படுத்தால் பருவம் தவறும். குழந்தை படுத்தால் உயிருக்கே அபாயம். ஒரு பிடி விறகும் 24 கிராம் தூளும் இவ்விழப்பிற்கு முன் பெருஞ்செலவாகா. ஆகவே, குடியானவர்கள் தங்கள் கிணற்றின் விட்டத்தையும் ஆழத்தையும் இன்றே அளந்து, வரும் மழைக்கு முன்னரே மருந்திட ஏற்பாடு செய்வார்களாக.