யூனிக்ஸ் சர்வரும் வாட்ச்மேன் ரிஜிஸ்தரும்

நம் சங்கக் குடும்பங்களில் கம்ப்யூட்டர் வேலையில் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் ஏராளம். நடுராத்திரியில் ஃபோன் வரும். "சர்வரில் டிஸ்க் ரொம்பிப் போச்சு" என்று மகனோ மகளோ எழுந்து உட்காருவார்கள். பல வருடங்களாக இதே வேலையில் மும்பையில் இருப்பவன் என்ற முறையில், அந்த டிஸ்க் ஏன் ரொம்புகிறது, அதை எப்படித் தடுப்பது என்று எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

நம் ஹவுசிங் சொசைட்டி வாசலில் வாட்ச்மேன் ஒரு ரிஜிஸ்தர் வைத்திருப்பார் அல்லவா? யார் வந்தார், எத்தனை மணிக்கு, எந்த ஃபிளாட்டுக்கு என்று அதில் இருக்கும். யூனிக்ஸ் சர்வரிலும் அப்படித்தான். யார் உள்ளே நுழைந்தார், எந்தத் தபால் போயிற்று, எங்கே பிழை நேர்ந்தது என்று ஒவ்வொன்றையும் ஒரு வரியாக எழுதி வைக்கும். இதுவே லாக் ஃபைல். 1980களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன், தம்முடைய சென்ட்மெயில் திட்டத்தின் ஒரு பகுதியாக எழுதிய 'சிஸ்லாக்' இதற்கு முன்னோடி.

எழுதிக்கொண்டே போனால் டிஸ்க்கில் இடம் தீரும். தீர்ந்தால் தபால் ஏற்கப்படாது. டேட்டாபேஸில் புதுக் கணக்கு பதிவாகாது.

இதற்கு மருந்துதான் சுழற்சி. லினக்ஸில் 'லாக்ரொட்டேட்' என்ற புரோகிராம் இதைச் செய்கிறது. 'மெசேஜஸ்' என்ற ஃபைல் இருந்தால், அதன் பெயரை 'மெசேஜஸ்.1' என்று மாற்றும். ஏற்கனவே இருந்த 1, 2 ஆகும். 2, 3 ஆகும். கடைசியில் இருப்பது அழிக்கப்படும். பழையவற்றைச் சுருக்கியும் வைக்கலாம். வெறும் எழுத்துகள்தானே, பத்தில் ஒரு பங்காகக்கூடச் சுருங்கும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வாட்ச்மேன் எழுதிக்கொண்டிருக்கும்போதே, ரிஜிஸ்தரின் அட்டையில் 'பழையது' என்று லேபிள் ஒட்டினால் என்ன ஆகும்? அவர் அதே நோட்டில்தான் தொடர்ந்து எழுதுவார். யூனிக்ஸிலும் ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கும் ஃபைலுக்குப் பெயர் மாற்றினாலும், அது அதே ஃபைலில்தான் எழுதும். அழித்தாலும் பெயர்தான் மறையும். அந்தப் புரோகிராம் மூடும்வரை இடம் திரும்பக் கிடைக்காது. 'டியூ' கட்டளை இடம் இருப்பதாகக் காட்டும், 'டிஎஃப்' டிஸ்க் நிறைந்ததாகக் காட்டும். புதியவர்கள் குழம்பிப்போகும் இடம் இது. ஆகவே சுழற்றியவுடன் 'இனி புது நோட்டில் எழுது' என்று புரோகிராமுக்குச் சொல்ல வேண்டும். 'ஹெச்யுபி' என்ற சிக்னல் அனுப்புவது அதற்காகத்தான். அப்படிச் சொல்ல வழியில்லாத புரோகிராம்களுக்கு, நகல் எடுத்துவிட்டு மூல ஃபைலைக் காலி செய்யும் 'காப்பிட்ரங்கேட்' முறை உண்டு. நகலுக்கும் காலி செய்வதற்கும் இடையே எழுதப்படும் சில வரிகள் மட்டும் தொலைந்து போகலாம்.

எத்தனை நாள் வைத்துக்கொள்வது? இதுதான் முக்கியமான கேள்வி. பல லினக்ஸ் வகைகளில் வாரம் ஒரு முறை சுழற்சி, நான்கு பழைய பிரதிகள் என்றே அமைத்துத் தருகிறார்கள். அதாவது 28 நாள். திருடன் வந்து போனது மூன்று மாதம் கழித்துத் தெரிந்தால், ரிஜிஸ்தரில் அந்தப் பக்கமே இருக்காது! மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, நிறுவனங்கள் லாக் குறிப்புகளை 180 நாள் பாதுகாத்து வைக்க வேண்டும். வாரச் சுழற்சியானால் 26 பிரதிகள், 182 நாள் ஆகிறது. நாள் கணக்கில்லாமல் ஃபைலின் அளவை மட்டும் பார்த்துச் சுழற்றினால், கூட்டமான நாட்களில் இந்தக் கணக்கு தவறிவிடும்.

இன்னொன்று. உள்ளே புகுந்தவன் முதலில் கிழிப்பது ரிஜிஸ்தரைத்தான். ஆகவே ஒரு பிரதியை வேறொரு கம்ப்யூட்டருக்கும் அனுப்பி வைப்பது நல்லது.

சொந்தமாகச் சிறு தொழில் நடத்தும் அன்பர்களே, உங்கள் சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: "லாக் எத்தனை நாள் இருக்கிறது? அதன் பிரதி எங்கே இருக்கிறது?" உடனே பதில் வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.