எஞ்சின் கூட்டில் விரிசல்: வீட்டிலே செய்யத்தக்கதும் தகாததும்

நெசவாளருக்குத் தறியும் விவசாயிக்கு ஏரும் எப்படியோ, அப்படியே இக்காலத்தில் மோட்டார் சைக்கிளும் ஒரு தொழிற்கருவி ஆகிவிட்டது. சங்கத்திலிருந்து நூல் சிப்பம் கொண்டுவருவதும், நெய்த சேலைகளைக் கொண்டுபோய்க் கொடுப்பதும், விடியற்காலையில் பால் கேனைச் சேர்ப்பதும், காய்கறி மூட்டையைச் சந்தைக்கு ஏற்றுவதும் அதன் முதுகின்மேல்தான் நடைபெறுகின்றன. ஆகவே, வண்டி ஒரு வாரம் நின்றால் அங்கத்தினர் வீட்டில் ஒரு வார வரும்படியும் தடைப்பட்டு நிற்கும்.

வண்டிக்கு நேரும் பழுதுகளுள் பலரையும் கலங்கவைப்பது எஞ்சின் கூட்டில் உண்டாகும் உடைசல். பட்டறைக்காரர் இக்கூட்டைச் சுருக்கமாகக் ‘கேஸ்’ என்பர். தரையில் எண்ணெய் சொட்டக் கண்டதும், ஒரு சாரார் வண்டியே போயிற்று என்று கருதிக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகின்றனர். மற்றொரு சாரார் கடையில் அகப்பட்ட பசையை அப்பிவிட்டு மறுநாளே மூட்டை ஏற்றுகின்றனர். முன்னவருக்குப் பணம் நஷ்டம். பின்னவருக்கோ உயிருக்கே அபாயம். ஏனெனில் கசியும் எண்ணெய் பின்சக்கரத்தின் டயரில் படிந்தால், வளைவில் வண்டி வழுக்கிவிடும். எண்ணெய் வற்றினாலோ எஞ்சின் உள்ளே இறுகிப்போகும். எவ்வித உடைசலை நாமே சீர்செய்யலாம், எதைத் தொடலாகாது என்று பிரித்தறிவதே இவ்வேலையில் முதற்பாடமாகும்.

இருவகைச் சுவர்கள்

எஞ்சின் கூடு பெரும்பாலும் அலுமினியக் கலவை உலோகத்தால் வார்க்கப்படுகிறது. இரும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே உள்ளதும், சூட்டை விரைவில் வெளியேற்றுவதும் அதன் சிறப்புகள். ஆனால் வார்ப்பு அலுமினியம் வளைந்து கொடுக்காது. பலத்த அடி பட்டால் விரிந்துவிடும்.

இக்கூட்டில் இருவகைச் சுவர்கள் உள்ளன. ஒன்று, எண்ணெயை மட்டும் தாங்கும் மூடி. கிளச்சை மூடும் பக்க மூடி, சங்கிலிப் பெட்டியின் வெளிமூடி, வால்வு மூடி ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. மற்றொன்று, பளுவைத் தாங்கும் சுவர். பேரிங்குகள் அமர்ந்துள்ள இடம், வண்டிச் சட்டத்தோடு எஞ்சினைப் பிணைக்கும் காதுகள், சிலிண்டரைப் பிடிக்கும் நீண்ட போல்ட்டுகள் இறங்கும் இடம் ஆகியவை இவ்வகை.

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தாமே முடிந்துகொண்டு மேலே நெய்கிறார். படமரம் பிளந்தால் தச்சரை அழைக்கிறார். வாய்க்கால் கரை உடைந்தால் விவசாயி மண்வெட்டியால் அடைக்கிறார். மதகு விரிந்தால் கொத்தரைத் தேடுகிறார். இங்கும் அதுவே விதி. எண்ணெயைத் தாங்கும் மூடியின் விரிசலை வீட்டிலேயே ஒட்டலாம். பளுவைத் தாங்கும் சுவரின் விரிசல் மயிரிழை போன்றதாயினும் பட்டறைக்கே உரியது.

பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றும் பழைய வண்டிகளுக்கு ஒரு விலக்கு உண்டு. 1980-இல் வெளிவந்த டி.வி.எஸ். 50 போன்ற இவ்வண்டிகளில், பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை எஞ்சினின் கீழ்க்கூட்டின் வழியாகவே சிலிண்டருக்குச் செல்கிறது. அக்கூட்டில் நுண்ணிய விரிசல் இருந்தாலும் அதன் வழியே மிகைக்காற்று நுழைந்து கலவை நீர்த்துவிடும். பிஸ்டன் அளவுக்குமேல் சூடேறி இறுகும். ஆதலால் அக்கீழ்க்கூட்டைப் பளு தாங்கும் சுவராகவே கருதுதல் வேண்டும்.

விரிசலின் எல்லையைக் காணுதல்

கண்ணுக்குத் தெரியும் விரிசல் முழு விரிசல் அன்று. அதன் நுனி எங்கே முடிகிறது என்பதை அறிய மண்ணெண்ணெயும் சாக்குக்கட்டியும் போதும். எண்ணெயை வடித்துவிட்டு மூடியைக் கழற்றித் துடைத்து, விரிசல் உள்ள இடத்தில் மண்ணெண்ணெய் தடவிச் சற்று நேரம் ஊறவிடுக. பிறகு மேற்பரப்பை நன்றாகத் துடைத்து, சாக்குக்கட்டியைப் பொடித்துத் தூவுக. விரிசலுக்குள் புகுந்திருந்த மண்ணெண்ணெய் வெளியே ஊறி, வெண்பொடியில் ஈரக்கோடாகத் தோன்றும். அக்கோடு பேரிங் இருக்கும் பக்கமோ, எஞ்சினைப் பிணைக்கும் காதின் பக்கமோ சென்றால் வேலையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

நெசவாளர் வீட்டில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தறிக்கூடத்தில் இவ்வேலையைத் தொடங்கலாகாது. பஞ்சுத்தூசி நிறைந்த இடத்தில் மண்ணெண்ணெயும் பெட்ரோலும் தீ விபத்துக்கு வழிவகுக்கும். அலுமினியத் தூளும் எண்ணெய்க் கறையும் பாவில் பட்டால் எளிதில் போகா. அடுப்புக்கும் தறிக்கும் எட்டத்தில், மரநிழலில் செய்வதே உத்தமம்.

ஒட்டும் முறை

துணியில் கிழிசல் நுனியிலிருந்தே மேலும் ஓடும். உலோகத்திலும் அப்படியே. அதனால் முதலில் விரிசலின் இரு நுனிகளிலும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் அளவுள்ள துளை இடுதல் வேண்டும். கூரிய நுனி வட்டமாகிவிட்டால் இழுவிசை ஓரிடத்தில் குவியாது. விரிசலும் மேலே ஓடாது.

பின்னர் விரிசல் நெடுக முக்கோண அரத்தால் பள்ளம் ஒன்று எடுக்க வேண்டும். அதன் ஆழம் உலோகத்தின் கனத்தில் பாதிக்குச் சற்று மேல் இருந்தால் போதும். இருபுறமும் சுமார் 2 சென்டிமீட்டர் அகலத்திற்குச் சாயத்தை நீக்கி, எமரித் தாளால் சொரசொரப்பாக்குக. வழவழப்பான பரப்பில் பசை பிடிக்காது.

அடுத்தது எண்ணெய்ப் பசையைப் போக்குதல். ஒட்டு விட்டுப்போவதற்குப் பெரும்பாலும் இதில் காட்டும் அவசரமே காரணம். வார்ப்பு உலோகத்தின் நுண்துளைகளில் எண்ணெய் ஊறியிருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, சோப்பும் வெந்நீரும் கொண்டு தேய்த்து, வெயிலில் காயவிட்டால் அவ்வெண்ணெய் வியர்வைபோல் வெளியே வரும். அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் அதைத் துடைத்து, மீண்டும் வெயிலில் வைக்க வேண்டும். துணியில் கறை படாத வரையில் இதைத் திரும்பத் திரும்பச் செய்க. இறுதியாக ஒருமுறை எமரித் தாளால் தேய்த்துத் துடைத்தவுடன், விரல் படாமல், தாமதமின்றிப் பசை இட வேண்டும்.

பசையில்தான் பலர் ஏமாறுகின்றனர். தண்ணீர்க் குழாய்க்கும் வாளிக்கும் உதவும் எம்-சீல் போன்றவை வீட்டு உபயோகத்திற்கு நல்லவையே. ஆனால் எஞ்சின் எண்ணெயின் உஷ்ணம் 100 சென்டிகிரேடு டிகிரியை எட்டுவதும் தாண்டுவதும் சகஜம். அச்சூட்டில் சாதாரண எப்பாக்ஸிப் பசை இளகிவிடும். உலோகத்தூள் கலந்ததும், 150 டிகிரிக்குக் குறையாமல் தாங்கும் என்று உறையில் அச்சிடப்பட்டதுமான எப்பாக்ஸியையே கேட்டு வாங்குக. ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டா. இரு பகுதிகளையும் குறித்த அளவில், ஒரே நிறம் வரும்வரை கலந்து, பள்ளத்தில் அழுத்தி நிரப்புக. பசை தோலில் படாமல் கையுறை அணிதல் அவசியம்.

சில்லு பெயர்ந்து ஓட்டை விழுந்திருந்தால், அதே அலுமினியத்தாலான தகட்டை உட்புறமாக வைத்து ஒட்டலாம். இரும்புத் தகடு உதவாது. சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இருமடங்கு விரிவதால் நாளடைவில் ஒட்டு விட்டுப்போகும். தகடு உள்ளே சுழலும் கிளச்சில் உரசுமோ என்ற ஐயம் எழக்கூடும். பசை நன்கு இறுகிய பின், பிசைந்த கோதுமை மாவைத் தகட்டின்மேல் சிறிது ஒட்டி, மூடியைப் பொருத்தி, கிக்கரைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்த்து, மீண்டும் கழற்றுக. மாவில் தடம் பட்டிருந்தால் இடைவெளி போதாது என்று அறியலாம். சோதனை முடிந்ததும் மாவை முற்றிலும் துடைத்தெடுக்க வேண்டும்.

பசை இறுக 24 மணி நேரம் விட்டுவிடுக. மழைக்காலத்தில் இன்னும் ஒருநாள் சேர்க்கலாம். பிறகு மூடியைக் கிண்ணம்போல் வைத்து, ஒட்டிய இடம் மூழ்குமாறு மண்ணெண்ணெய் ஊற்றி, வெளிப்புறத்தில் சாக்குப்பொடி பூசி ஓர் இரவு விட்டுவைக்க வேண்டும். காலையில் பொடி உலர்ந்திருந்தால் ஒட்டு தேறியது. மூடியின் விளிம்பில் பசை புடைத்திருந்தால், தட்டையான கண்ணாடிமேல் எமரித் தாளை விரித்து, அதன்மேல் விளிம்பை வட்டமாகத் தேய்த்துச் சமப்படுத்துக. தூள் முழுவதையும் கழுவிய பின், புதிய பேக்கிங் வைத்தே மூட வேண்டும்.

மரை போன எண்ணெய்த் திருகு

உடைசலுக்கு அடுத்தபடியாக வருவது, எண்ணெய் வடிக்கும் போல்ட்டின் மரை போவது. எஃகு போல்ட்டை அலுமினிய மரையில் அளவுக்குமீறி முறுக்குவதே காரணம். மரையில் சணல் நூல் சுற்றியோ பசை பூசியோ அடைப்பது ஆபத்து. ஓடும்போது போல்ட்டு கழன்றால் சில நிமிடங்களில் எண்ணெய் முழுதும் கொட்டிவிடும். துளையைச் சற்றுப் பெரிதாக்கி, புதிய மரை வெட்டி, அதில் எஃகுக் கம்பிச் சுருளைப் பதிப்பதே முறை. இதனைக் கடைகளில் ஹெலிகாயில் என்று கேட்டால் தருவர். மரை வெட்டும் கருவியில் கிரீஸ் தடவிக்கொண்டால் உலோகத்துருவல் உள்ளே விழாமல் அதில் ஒட்டிக்கொள்ளும். இக்கருவி தினமும் வேண்டுவதன்று. பத்துப் பேர் சேர்ந்து ஒன்று வாங்கிவைத்தால் ஊருக்கே போதும்.

பட்டறைக்கு உரியவை

பளு தாங்கும் சுவரைப் பற்றவைத்தே ஆக வேண்டும். அது வீட்டு வேலை அன்று. இரும்பு உருகுமுன் சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் அவ்வாறு நிறம் காட்டாமலே திடீரென உருகி விழும். மேலும், அலுமினியம் 660 டிகிரியில் உருகுகிறது. அதன்மேல் படிந்துள்ள ஆக்ஸைடு ஏடோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஆகையால் ஆர்கான் வாயுவின் பாதுகாப்பில் பற்றவைக்கும் பட்டறையையே நாட வேண்டும். எஞ்சின் முழுவதையும் பிரித்து, பேரிங்குகளையும் ரப்பர் சீல்களையும் நீக்கிய பின்னரே கூட்டைக் கொடுக்க வேண்டும். சூட்டில் கூடு கோணக்கூடும்; எனவே திரும்பியதும் பேரிங் இருக்கைகளை அளந்து பார்க்கும்படி கேட்பது அவசியம்.

புதுக் கூடு வாங்குவதிலும் யோசனை வேண்டும். 1955 முதல் சென்னையில் உருவாகிவந்த புல்லட்டை எடுத்துக்கொள்வோம். அதன் எஞ்சின் கூடு இடமும் வலமுமாக இரு பாதிகள்; இரண்டும் இணையாகக் கடையப்பட்டவை. ஒரு பாதியை மட்டும் வேறு வண்டியிலிருந்து கொணர்ந்து பொருத்தினால் தண்டு நேர்கோட்டில் அமையாமற் போகலாம். எஞ்சின் எண்ணும் கூட்டின்மேல்தான் பொறிக்கப்பட்டுள்ளது. பதிவுச் சான்றில் உள்ள எண்ணுக்கு மாறான கூட்டைப் பொருத்திவிட்டு, போக்குவரத்து அலுவலகத்தில் பதியாது விட்டால், திருட்டு வண்டி என்ற சந்தேகத்திற்கு இடமாகும். பழைய கூட்டைச் செப்பனிடுவதில் இந்த நன்மையும் உண்டு.

வருமுன் காத்தல்

தளர்ந்த சங்கிலி அறுந்து முன்பற்சக்கரத்தில் சுருண்டு கூட்டை உடைக்கும். ஆதலால் சங்கிலியின் தொய்வை வண்டிக் கையேட்டில் கண்ட அளவிலேயே வைத்திருக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளுக்கு அது 20 முதல் 30 மில்லிமீட்டர். மூடியைத் திறக்கத் திருப்புளியைச் செருகி நெம்புவதால் விளிம்பு கெடும். மரச்சுத்தியால் மெல்லத் தட்டினால் தானே விடும். பழைய புல்லட்டின் சங்கிலிப் பெட்டி மூடியை நடுவிலுள்ள ஒரே நட்டு பிடித்திருக்கிறது. கசிவை நிறுத்தலாம் என்று அதை இறுக்கிக்கொண்டே போனால் மூடி வளைந்து, கசிவு அதிகமாகும். வடித்த எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ ஊற்றாமல், டப்பாவில் சேர்த்துக் கழிவெண்ணெய் வாங்குவோரிடம் கொடுத்துவிடுக.

ஒட்டிய வண்டியைப் பத்து நிமிடம் நின்ற நிலையில் ஓடவிட்டுப் பார்த்து, பின்பு பாரமின்றி ஐந்து கிலோமீட்டர் ஓட்டி, மீண்டும் பார்க்க வேண்டும். முதல் வாரம் தினமும், அதன்பின் மாதம் ஒருமுறை ஒட்டிய இடத்தைத் துடைத்துப் பார்த்தல் நலம். ஈரம் தென்பட்டால், ஒட்டின்மேல் ஒட்டு வையாமல், பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்தே தொடங்குக. இரண்டாம் முறையும் கசிந்தால், விரிசல் நாம் கண்ட எல்லைக்கு அப்பாலும் ஓடுகிறது என்றே கொள்ள வேண்டும். அதன்பின் கூட்டைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பிவிடுவதே சிக்கனமுமாம், பத்திரமுமாம்.